முந்தின லாட்டின் நிற எண்

1993 ஜூன் 17, வியாழன். என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குக் கீழே இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"காலை 7.50 பஸ். மில்லில் கரண்ட் இரண்டு முறை போனது. லேப் பெண் சொன்னது: திரையில் சில சமயம் வரியின் கடைசி எண் மாறாமல் பழையதே நிற்கிறது. வேறு லாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் சரியாக இருக்கிறது. கண் அயர்ச்சி."

கடைசி இரண்டு சொற்கள் அவர் சொன்னவை அல்ல. நான் சேர்த்தவை. அவர் சொன்னதை ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொண்டு, தீர்ப்பையும் அதே வரியில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து தெளிவாக இருக்கிறது. அவசரத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 1984 முதல் வேலை. பௌதிகம் படித்துவிட்டு அலுவலகத்தில் கடிதங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற வேலையில் சேர்ந்தேன். எதற்கும் தேதி எழுதிவைக்கிற பழக்கம் இருந்ததால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. 1986இல் லேபுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதைத் தொடத் தயங்காத ஆள் நான் ஒருவன்தான். அப்படியே அது என் பொறுப்பில் வந்தது.

லேபில் நடப்பது இது. நூல் சுற்றிய பாபின்கள் டிராலியில் வரும். ஒவ்வொரு டிராலியும் ஒரு லாட்டு. அதிலிருந்து நான்கு பாபின் எடுத்து, ஒவ்வொன்றிலும் நூற்றியிருபது கஜம் அளந்து நிறுத்து, நான்கு எடைகளையும் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். நூலின் கவுண்ட், அதாவது அதன் சன்னம் எவ்வளவு என்று திரையில் வரும். அதே வரியின் கடைசியில் ஒற்றை எண் ஒன்று வரும். அதுதான் நிற எண். அறுபதாம் நம்பர் நூலுக்கு நான்கு, பச்சைக் கோன். அறுபத்துநான்குக்கு ஏழு, ஊதாக் கோன். லேபில் இருப்பவர் அந்த எண்ணை டிராலியின் தகரத்தில் சாக்பீஸால் எழுதிவிடுவார். வைண்டிங் பகுதியில் அந்த எண்ணைப் பார்த்து அந்த நிறக் காகிதக் கோனில் நூலைச் சுற்றுவார்கள். அதன்பிறகு மூட்டை கட்டுகிறவரை நிறம்தான் பேசும். அறுபதையும் அறுபத்துநான்கையும் கண்ணால் பிரிக்க எங்கள் மில்லில் யாராலும் முடியாது.

1992இல் அந்தக் கம்ப்யூட்டரின் போர்டு கருகிவிட்டது. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் போர்டு வருவது நின்று இரண்டு வருஷம் ஆச்சு என்றார். லேப் ப்ரோக்ராமை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். எழுதியதன் நகல் எங்களிடம் இல்லை. ஓடுகிற ப்ளாப்பிகள் மட்டும் இருந்தன. அலுவலகத்தில் புதிதாக ஒரு 386 ரகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கு இந்த ப்ளாப்பியில் இருப்பது புரியாது.

பழைய மெஷின் மாதிரியே நடந்துகொள்கிற ஒரு ப்ரோக்ராமைப் புதிய மெஷினுக்குள் எழுதினால் என்ன என்று தோன்றியது. புத்தகங்களில் படித்திருந்தேன். ஏழு மாதம் ஆயிற்று. பழைய மெஷினின் ஒவ்வொரு கட்டளையையும் புதியது ஒவ்வொன்றாக நடித்துக் காட்டும். பழைய மெஷினில் திரைக்கென்று ஒதுக்கிய நினைவகம் ஒன்று உண்டு. லேப் ப்ரோக்ராம் அதில் ஓர் எழுத்தை எழுதினால் திரையில் அந்த இடத்தில் அந்த எழுத்து தெரிய வேண்டும். புதிய மெஷினில் அது தானாகத் தெரியாது. நான்தான் அந்த நினைவகத்தைப் பார்த்துப் பார்த்துத் திரையில் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும்.

முழுத் திரையையும் ஒவ்வொரு முறையும் வரைந்தால் மெஷின் இழுத்துக்கொண்டு நின்றது. ஓர் எடையைத் தட்டிவிட்டுக் காபி குடித்துவிட்டு வரலாம். அதனால் ஒரு யோசனை செய்தேன். திரையில் இருபத்துநான்கு வரிகள். வரிக்கு ஒரு குறி. எந்த வரியில் எழுத்து மாறுகிறதோ அந்த வரியின் குறியை ஏற்றிவிட வேண்டும். வினாடிக்குப் பதினெட்டு முறை மெஷினின் கடிகாரம் வேலையை நிறுத்திவிட்டு என் வரைகிற பகுதியைக் கூப்பிடும். அது குறி ஏறிய வரிகளை மட்டும் வரைந்துவிட்டுக் குறியை இறக்கிவிடும். மாறாத வரிகளைத் தொடவே தொடாது. பழைய மெஷினைவிட இது வேகமாக ஓடியது.

அந்த இருபத்துநான்கு குறிகளைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது. மானேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பரிசாக ஒரு பால்கோவா டப்பா கொடுத்தார்கள். அது என் வீட்டுக்கு இரண்டு கடை தள்ளி வாங்கியது. அதை ராஜபாளையத்தில் கையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து, திரும்ப அதே தெருவுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

லேபில் இருந்தவர் மம்சாபுரத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பத்தாவது முடித்தவர். வீட்டுக்காரருக்குப் பட்டாளத்தில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு லேபுக்கு வந்துவிடுவார். அந்த ஒன்பது மணிதான் முக்கியம். வைண்டிங்கில் முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்கு. அந்நேரத்துக்கு வந்து சேர அவர் ஊரிலிருந்து பஸ் கிடையாது. பொது ஷிப்டில் பெண்களுக்கு இருந்த இடம் லேபில் அந்த ஒரு ஸ்டூல்தான்.

ஜூன் 17 அன்று அவர் என்னிடம் சொன்னபோது நான் லேபில் ப்ளாப்பி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"சார், இந்தக் கடைசி நம்பரு எப்பவாச்சும் ஒரு தடவ மாறாம நிக்குது சார்."

"மாறாம எப்படிம்மா நிக்கும்?"

"பழசு அப்படியே நிக்குது. அடுத்த லாட்டுக்குப் போயிட்டு வந்தா ஒழுங்கா இருக்கு. மாசத்துல ஒருக்கா, ரெண்டு மாசத்துல ஒருக்கா. மத்த எழுத்தெல்லாம் மாறிருது. இது மட்டும் முழிச்சிக்கிட்டு நிக்கும்."

"நீங்க எம்புட்டு நேரம் அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. செத்த நேரம் வெளிய மரத்தப் பாருங்க, சரியாப் போகும்."

அவர் சிரித்தார். "மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தா மாஸ்டர் என்னய அந்த மரத்துலயே கட்டிப் போட்டுருவாக."

நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து மேலே சொன்ன வரிகளை எழுதினேன்.

ஆடிப்பூரம் கழிந்த வாரம், நூல் வாங்கிய நெசவு ஆலையிலிருந்து கடிதம் வந்தது. அதைப் பிரித்து எண் போட்டவனும் நான்தான். பச்சைக் கோன் மூட்டை ஒன்றில் அறுபத்துநான்காம் நம்பர் நூல் கலந்திருக்கிறது, துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருக்கிறது, துண்டு அனுப்பியிருக்கிறோம் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். லாட்டு நம்பர் மூட்டைச் சீட்டில் இருந்தது. அந்த டிராலியில் சாக்பீஸால் எழுதியிருந்தது நான்கு. எழுதியவர் மம்சாபுரத்துப் பெண்.

மானேஜர் அறையில் விசாரணை. மானேஜர், ஸ்பின்னிங் மாஸ்டர், அவர், நான். என் பை காலடியில் இருந்தது. பைக்குள் நாட்குறிப்பு.

மாஸ்டர்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, அறுபத்துநாலுக்கு நாலாம் நம்பர் போட்டிருக்கியே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"திரையில நாலுதான் சார் இருந்துச்சு."

"பக்கத்துலயே கவுண்ட் அறுபத்திமூணு புள்ளி எட்டுன்னு வந்திருக்குமே. அதப் பாக்கலயா?"

"கடைசி நம்பர மட்டும் பாத்துப் போடு, வேற எதையும் பாத்து யோசிச்சிக்கிட்டு நிக்காதன்னு நீங்கதான சார் சொன்னீக. சொவத்துல எழுதி ஒட்டியும் வச்சிருக்கீக."

அது உண்மை. அந்த அட்டையை எழுதிக் கொடுத்ததும் நான்தான். கவுண்டைப் பார்த்து ஒவ்வொருவரும் தம் இஷ்டத்துக்கு நிறம் முடிவு செய்யக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. மெஷின் சொல்வதே நிறம்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மெஷின் தப்பாக் காட்டுமா?"

"காட்டாது சார். டிஸ்க்கில ஏழுன்னுதான் பதிவாயிருக்கு. இப்பவே எடுத்துக் காட்டுறேன்."

நான்கு பேரும் லேபுக்குப் போனோம். நான் அந்த லாட்டை வரவழைத்தேன். 63.8. கடைசியில் ஏழு. மாஸ்டர் உச்சுக்கொட்டினார்.

"திரும்பி வந்தா சரியாத்தான் சார் இருக்கும்," என்றார் அந்தப் பெண். மாஸ்டரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். "நான் அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன்ல. நீங்ககூட மரத்தப் பாக்கச் சொன்னீக."

மானேஜர் என்னைப் பார்த்தார். "சொன்னாங்களா?"

"கண்ணு அசந்து போகுதுன்னு ஏதோ சொன்னாங்க சார்," என்றேன்.

இதை எழுதுவதற்காகத்தான் இந்த முழுக் கட்டுரையையும் எழுதுகிறேன். கண் அசந்து போகிறது என்று அவர் சொல்லவே இல்லை. அது என் நாட்குறிப்பின் கடைசி இரண்டு சொற்கள். அவற்றை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. லேபில் ஏதாவது எடை சந்தேகமாக வந்தால் இன்னொரு பாபின் எடுத்து நிறுப்பாரே, அந்த மாதிரி நிதானமாக ஒன்று சொன்னார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. இந்த லாட்டுக்கு முந்தி நான் பாத்த லாட்டு எதுன்னு வைண்டிங் புக்குல பாருங்க. அதோட நம்பரு நாலா இருந்தா, திரையில நின்னது பழைய நாலு. நாலா இல்லன்னா என் கண்ணுதான் தப்பு. நானே வேலைய விட்டுப் போயிருதேன்."

அதைவிடச் சரியான சோதனையை நான் இன்றுவரை யோசித்ததில்லை. டிஸ்க்கில் லாட்டுகள் நம்பர்படி அடுக்கியிருக்கும். எது முதலில், எது அடுத்தது என்ற வரிசை அதில் கிடையாது. வைண்டிங்கில் மட்டும் டிராலி உள்ளே வருகிற வரிசையில் ஒரு நோட்டில் எழுதுவார்கள். நோட்டு பக்கத்து ஷெட்டில் ஒரு மேஜை மேல் கிடந்தது. நடந்தால் ஐம்பது அடி.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா," என்றேன்.

மானேஜருக்கு வேறு வேலை இருந்தது. சரி என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண்ணை வைண்டிங்குக்கு மாற்றினார்கள். ஆறு மணி ஷிப்டு. பதினோரு நாள் வந்தார். மைத்துனர் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார் என்று வாச்மேன் சொன்னார். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை. லேப் ஸ்டூலில் மாஸ்டருக்குத் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். என் நாட்குறிப்பில் அந்த மாதம் மழை, கரண்ட், படித்த புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. இது பற்றி ஒரு வரியும் இல்லை. பதினோரு நாள் என்பதைக்கூட ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

1994 பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் விடுமுறை. மதியம் தனியாக அலுவலகத்தில் இருந்தேன். இரண்டாவதாக ஒரு மெஷினுக்கும் இதே ப்ரோக்ராம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். புது மெஷின் வேகமானது என்பதால், வினாடிக்குப் பதினெட்டு முறை வரைவதை எழுபது முறை ஆக்கினேன். திரை இன்னும் வழுவழுவென்று மாறும் என்ற ஆசை. சோதிப்பதற்காக லாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓட விட்டுவிட்டுக் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே பார்த்தபோது கவுண்ட் 59.9 என்றிருந்தது. கடைசியில் ஏழு. அடுத்த லாட்டில் சரியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அந்த வரியில் மற்றதெல்லாம் புதிது. கடைசி எண் மட்டும், அவர் சொன்ன மாதிரி, முழித்துக்கொண்டு நின்றது.

எச்சில் கையோடு என் ப்ரோக்ராமின் அச்சுத்தாளை எடுத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. திரை நினைவகத்தில் ஓர் எழுத்து விழும் இடத்தில் நான் இரண்டு வரி எழுதியிருந்தேன். முதல் வரி, குறியை ஏற்று. இரண்டாவது வரி, எழுத்தை எழுது.

வீட்டு வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கடிதம் போட்டால் மேலே ஒரு கொடியை ஏற்ற வேண்டும். தபால்காரர் கொடியைப் பார்த்து நின்று, பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொண்டு, கொடியை இறக்கிவிட்டுப் போவார். நான் கொடியை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு கடிதத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். கொடிக்கும் கடிதத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இமைப்பொழுதில் தபால்காரர் வந்துவிட்டால், அவர் காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, கொடியை இறக்கிவிட்டுப் போய்விடுவார். பிறகு விழுகிற கடிதம் உள்ளேயே கிடக்கும். அடுத்த கடிதம் போட மறுபடி கொடி ஏறும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும். ஆகவே வரியின் நடுவில் இருக்கும் எழுத்துக்கு ஆபத்தில்லை. பின்னால் வருகிற எழுத்து அதைக் காப்பாற்றிவிடும். காப்பாற்ற ஆளில்லாதது கடைசி எழுத்து ஒன்றுதான். எங்கள் லேபில் கடைசி எழுத்துதான் நிற எண்.

அந்த இடைவெளியில் கடிகாரம் வந்து விழுவது மிக அபூர்வம். மாதத்தில் ஒருக்கா, இரண்டு மாதத்தில் ஒருக்கா. அவர் கணக்கு சரியாக இருந்தது.

இரண்டு வரிகளையும் இடம் மாற்றினேன். எழுத்து முதலில், குறி பிறகு. மறுபடி ஓட விட்டேன். மாலை வரை ஒரு எண்கூட நிற்கவில்லை. அன்றைய நாட்குறிப்பு: "குறியையும் எழுத்தையும் வரிசை மாற்றினேன். சரியாயிற்று." அவ்வளவுதான். எது சரியாயிற்று என்று எழுதவில்லை. அன்று எனக்கு முதலில் வந்த எண்ணம் அவரைப் பற்றியதாக இருக்கவில்லை. அந்த அச்சுத்தாளை வேறு யாராவது படித்திருப்பார்களா என்பதுதான். யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் மூச்சு சீரானது. கையைக் கழுவினேன்.

ஒரு வருஷம் கழித்து மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெறப்போகிற மாதம். கேட்டுவிட்டு, "இப்ப சரி பண்ணிட்டீங்கல்ல?" என்றார்.

"பண்ணியாச்சு."

"பொறவு என்ன? லேப்ல வேற ஆளு வந்தாச்சு. இப்பப் போயி அந்தப் புள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

அவர் அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். எதிர்பார்த்தது கிடைத்த நிம்மதியோடு திரும்பினேன். மானேஜரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். மானேஜரிடம் நான் சொல்லவில்லை.

1996இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த தூணுக்குப் பக்கத்தில் இரண்டு துணிப்பைகளோடு நின்றார். துணி வாங்கிப்போய்த் தைத்துக் கொடுக்கிறாராம். நான் நாளிதழை விரித்துக்கொண்டேன். அவர்தான் கூப்பிட்டார்.

"சார், நல்லா இருக்கீகளா? அந்த மெஷினு ஓடுதா?"

"ஓடுதும்மா."

"இப்பவும் நிக்குதா?"

"இல்ல. இப்ப நிக்குறதில்ல."

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "அப்ப, முன்ன நின்னுச்சு."

நான் நாளிதழை மடித்தேன். அவர் முகத்தில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை.

"எங்க வீட்டுக்காரவுக லீவுல வந்தப்பகூடச் சொன்னாக, கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்னு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டினோம். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாக. அப்பவும் அவுகளுக்கு நம்பிக்கையில்ல. எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். இப்பகூட ஊசி கோக்கையில ரெண்டு தடவ பாத்துக்கிடுவேன்." பிறகு கேட்டார். "அந்த முந்தின லாட்டு, பாத்தீகளா சார்?"

"பாக்கல."

"பாத்துச் சொல்லுங்க. எனக்கு வேலைக்காக இல்ல. தெரிஞ்சா போதும்."

"பாக்குறேன்," என்றேன். மம்சாபுரம் பஸ் வந்தது. பைகளைத் தூக்கி ஜன்னல் வழியாக இருக்கையில் போட்டுவிட்டு அவர் கூட்டத்தோடு ஏறிப்போனார்.

நான் பார்க்கவில்லை. முதலில் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்து, 1993 நோட்டை இப்போது கேட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வெகு நாளாயிற்று. நோட்டில் நான்கு என்று இருந்தால் நான் செய்தது தெரிந்துவிடும். நான்கு இல்லையென்றால், அந்த ஒரு நாள் தவறு அவர் கண்ணுடையதுதான் என்று அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். என் பிழை இருந்தது என்பது நிச்சயம். அந்த நாளில், அந்த டிராலியில், அதுதான் நடந்தது என்பது நிச்சயமில்லை. இந்த நிச்சயமின்மையில் நான் இத்தனை வருஷம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் அதை வைத்துக்கொண்டு ஊசி கோத்துக்கொண்டிருக்கிறார்.

மில் பின்னால் கை மாறியது. பழைய வைண்டிங் நோட்டுகள் பஞ்சு குடோன் பரணில் மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன என்று ஸ்டோர்கீப்பர் ஒருவர் சொன்னார். எல்லாம் எடைக்குப் போய்விட்டன என்று இன்னொருவர் சொன்னார். இரண்டில் எது உண்மை என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அறுபத்திமூன்று புள்ளி எட்டு வந்த அந்த லாட்டுக்கு முந்தின லாட்டின் நிற எண் நான்குதானா என்பது, இதை எழுதும் நாள் வரை, சரிபார்க்கப்படவில்லை.